சாக்கடை போகும் வழி

கொல்கத்தாவின் தெற்கு முனையில், கரியாவைத் தாண்டி ராஜ்பூர், ஹரிநாபி, பாருய்பூர் என்று போகப் போக, கங்கை குடும்பச் சொத்தாகிவிடுகிறது. கோஷ் குடும்பத்தார் வளைத்த குளம் 'கோஷேர் கங்கா'. கர் குடும்பத்தாருடையது 'கரேர் கங்கா'. போஸ் வீட்டாருக்கும் ஒரு கங்கை உண்டு. ஆற்றுப்படுகை வற்றித் துண்டுதுண்டாக அறுந்தபோது கரையிலிருந்தவர்கள் ஆளுக்கொரு துண்டைக் கரைகட்டி எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குளங்களில் மீன் வளர்க்கிறார்கள், துணி துவைக்கிறார்கள். நீத்தார் கடன் கழிக்க வருகிறவர்களுக்கு அதே தண்ணீர்தான் கங்கை.

ஒரு காலத்தில் கங்கையின் பெருநீரோட்டம் கடலுக்குப் போன தடம் இது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் பிப்ரதாஸ் பிபிலாய் பாடிய மனசாமங்கலக் காவியத்தில் வணிகன் சாந்த் சதாகரின் கப்பல்கள் காளிகாட்டைக் கடந்து இவ்வழியேதான் கடலுக்குச் செல்கின்றன. பிறகு ஆறு மேற்கே ஒதுங்கி, இன்றைய ஹூக்ளியின் வழியைப் பிடித்துக்கொண்டது. பழைய தடத்துக்கு மிஞ்சியது பெயர் மட்டும்: ஆதிகங்கை.

1775இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி வில்லியம் டாலி, தன் சொந்தச் செலவில் இந்தத் தூர்ந்த தடத்தை வெட்டத் தொடங்கினார். 1777இல் படகுகள் ஓடின. கிழக்கே பித்யாதரி ஆறுவரை இணைத்துவிட்டு, போகிற வருகிற படகுகளிடம் சுங்கம் வாங்கும் உரிமையைக் கம்பெனியிடமிருந்து பெற்றார். கரையில் ஒரு சந்தை வைத்தார். டாலிகஞ்ச் என்ற ஊரும் 'டாலி நாலா' என்ற வாய்க்கால் பெயரும் அப்படி வந்தவை. வருமானம் வந்திருக்க வேண்டும். 1780இல் வாரன் ஹேஸ்டிங்ஸிடமிருந்து அலிப்பூரின் பெல்வெடேர் மாளிகையையே அவர் வாங்கினார். இன்று தேசிய நூலகம் இருப்பது அந்த வளாகத்தில்தான். சங்க இலக்கியத்தைப் பதிப்பித்த நம் வையாபுரிப் பிள்ளை சேர்த்த நூல்களும் சுவடிகளும் அங்கேதான் போய்ச் சேர்ந்தன. சங்க இலக்கியப் பதிப்புக்கும் கொல்கத்தாச் சாக்கடைக்கும் இப்படி ஒரு தூரத்து உறவு இருப்பது எனக்கு ஏனோ பிடித்திருக்கிறது.

ஹேஸ்டிங்ஸ் பகுதியில் ஹூக்ளியிலிருந்து பிரிந்து, காளிகாட், கேவ்ராதலா மயானம், டாலிகஞ்ச் வழியாகக் கரியாவரை சுமார் பதினைந்தரைக் கிலோமீட்டர் இந்த நாலா ஓடுகிறது. ஓடுகிறது என்பது பழக்கத்தில் வருகிற சொல். பல இடங்களில் நிற்கிறது. 1947க்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளுக்குக் கரைகள் வீடாயின. மாட்டுக்கொட்டகைகள் வந்தன. புதிது புதிதாக எழுந்த குடியிருப்புகளின் கழிவு, குழாய் வழியாகவோ குழாயே இல்லாமலோ இதில் இறங்கியது. 1998இல் ஆக்கிரமிப்புகளை அகற்றும்படி கல்கத்தா உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 2001 செப்டம்பரில் போலீஸ் துணையோடு கரையோரக் குடிசைகள் இடிக்கப்பட்டன. ஆற்றை மீட்கிறோம் என்றார்கள். மீட்ட ஆற்றில் என்ன செய்தார்கள் என்றால், மெட்ரோ ரயிலுக்குத் தூண் நட்டார்கள். டாலிகஞ்சிலிருந்து கரியாவரை சுமார் 300 தூண்கள், பெரும்பாலும் நீரோட்டத்தின் நடுவிலேயே. 2009 ஆகஸ்டில் ரயில் ஓடத் தொடங்கியது. கீதாஞ்சலி, மாஸ்டர்தா சூர்ய சென், கவி நஸ்ருல் என்று நிலையங்களுக்குப் பெயர். எந்த ஆற்றின் மேல் நிற்கின்றனவோ அந்த ஆற்றின் பெயர் ஒரு நிலையத்துக்கும் இல்லை.

இந்த இடத்தில்தான் இளைஞர்கள் வருகிறார்கள். கல்லூரி நாட்டுநலப்பணித் திட்ட மாணவர்கள், பேட்டை கிளப் பையன்கள், தகவல் தொழில்நுட்ப அலுவலகங்களிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறவர்கள். ஹூக்ளியின் படித்துறைகளிலும் நகரத்து ஏரிக்கரைகளிலும் நாலாவின் ஓரங்களிலும் இவர்களைப் பார்க்கலாம். கையுறை, முகமூடி, ஒரே நிறச் சட்டை, பெரிய கறுப்புப் பைகள். பூஜை மாலைகளைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக், தெர்மாகோல் தட்டு, பான்பராக் உறை, குங்குமம் ஒட்டிய சாமி படம் எல்லாம் பைக்குள் போகின்றன. ஒன்றிரண்டு மணி நேரத்தில் கரை வெளுத்துவிடும். படம் எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொள்ளட்டும், அதில் எனக்குப் பகை இல்லை.

தொந்தரவு எங்கே என்றால், ஹூக்ளி ஓதம் ஏறி இறங்குகிற ஆறு. கடல் ஒரு நாளில் இரண்டு முறை அதை உள்ளே தள்ளுகிறது. இறக்கத்தில் பொறுக்கிய இடத்தில் ஏற்றத்தில் வேறெங்கிருந்தோ வந்து நிறைகிறது. மும்பையில் வெர்சோவா கடற்கரையை 2015இல் சுத்தம் செய்யத் தொடங்கிய இளம் வழக்கறிஞர் அஃப்ரோஸ் ஷாவுக்கும் இதே அனுபவம்தான். ஆண்டுக்கணக்கில் வாரந்தோறும் ஆயிரக்கணக்கானவர்கள் வாரினார்கள். ஐ.நா. விருது கொடுத்தது. 2018இல் அந்த மணலில் ஆமைக்குஞ்சுகள் பொரித்தன. ஆனால் ஒவ்வொரு மழைக்காலமும் கடல் மறுபடி கொண்டுவந்து கொட்டியது. அவர் பிறகு மித்தி ஆற்றுக்கும் அதன் கரைக் குடியிருப்புகளுக்கும் போனது தற்செயலாக நடந்ததல்ல. கடற்கரையில் ஒதுங்குகிற குப்பை கடற்கரையில் பிறப்பதில்லை.

சென்னைக்காரர்களுக்கும் இந்தப் பாதை தெரியும். முடிச்சூரில் வளர்ந்த அருண் கிருஷ்ணமூர்த்தி கூகுள் வேலையை விட்டுவிட்டு ஏரிகளுக்குப் போனார். கீழ்க்கட்டளை ஏரிக்காக 2012இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். அவர் தொடங்கிய இந்தியச் சூழலியலாளர் அறக்கட்டளை குப்பை பொறுக்குவதில் ஆரம்பித்து, தூர்வாருவது, கரையை உயர்த்துவது, வரத்துக் கால்வாயைத் திறப்பது என்று நகர்ந்தது. ஏரியை எப்படிப் பராமரிப்பது என்று நம் குடிமராமத்துக்காரர்களுக்கு என்றைக்கோ தெரிந்திருந்ததைப் பிள்ளைகள் மறுபடி கற்றுக்கொண்டார்கள் என்று சொல்லலாம். ஆனால் ஏரிக்கு ஒரு வசதி உண்டு. அதற்குக் கரை இருக்கிறது, வரத்து இருக்கிறது, கலிங்கல் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரு காலைப் பொழுதில் நடந்து பார்த்துவிடலாம். ஆதிகங்கையின் நடுவில் நிற்கும் 300 தூண்களை எந்தப் பையில் போடுவது?

2023இல் தேசியக் கங்கைத் திட்டத்தின் கீழ் ஆதிகங்கைக்கு ஏறக்குறைய 650 கோடி ரூபாய் ஒப்புதலானது. மூன்று சுத்திகரிப்பு நிலையங்கள் வரவேண்டும். வந்தால் நல்லது. கங்கைக்கென்று 1985இலிருந்து திட்டம் போடுகிற நாடு இது என்பதையும் கூடவே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சுத்தம் என்ற பேச்சு எடுத்தாலே எனக்கு ஒரு சந்தேகம் வரும். யாரை வெளியேற்றப் போகிறார்கள்? 2001இல் குடிசைக்காரர்கள். 2019இல் ரபீந்திர சரோபர். அந்த ஏரியை 1920களில் வெட்டினார்கள். அதன் வடக்கே லேக் மார்க்கெட் பக்கம் நம்மவர்கள் சில தலைமுறைகளாகக் குடியிருக்கிறார்கள், இட்லி மாவும் கறிவேப்பிலையும் அங்கேதான் கிடைக்கும். அந்த ஏரியில் சூரியனுக்கான சட் பூஜை கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லியிருந்தது. அந்த ஆண்டு பீகாரிக் குடும்பங்கள் பூட்டை உடைத்துக்கொண்டு உள்ளே போயின. அடுத்த சில நாட்களில் செத்த மீன்கள் மிதந்ததாகச் செய்தி. தடை சரிதான், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ஆண்டில் இரண்டு நாள் எண்ணெயும் பூவும் கொண்டுவருகிற கூலிக்காரர்கள் மீது காலைநடைக் கனவான்களுக்கு வந்த கோபத்தில் கால்வாசிகூட, ஆண்டு முழுவதும் நகரத்து வாய்க்கால்களில் இறங்குகிற குழாய்கள் மீது வந்ததில்லை. குழாய்க்கு முகம் கிடையாது. அது யார் வீட்டிலிருந்து வருகிறது என்று கேட்டால் பல சமயம் நம் வீட்டில் போய் முடியும்.

துர்கா பூஜையின் கடைசி நாளில் ஹூக்ளிக் கரையில் பாபுகாட் பக்கம் போனால் இன்னொரு வகை இளைஞர்களைக் காணலாம். சிலை நீரில் இறங்கியதும் இவர்களும் இறங்குகிறார்கள். கையுறை இல்லை, சட்டையே இல்லை. மண் கரைந்த பிறகு மிஞ்சுகிற மூங்கிலும் வைக்கோலும் மரச்சட்டமுமான எலும்புக்கூட்டைக் கரைக்கு இழுத்துவருகிறார்கள். 'காட்டாமோ' என்பார்கள் அதை. அது சிலை செய்பவர்களின் குமார்டுலிக்குத் திரும்பிப்போய், விலைக்கு விற்று, அடுத்த ஆண்டு வேறொரு துர்கையின் உடம்பாகிறது. மாநகராட்சியின் கிரேன்கள் இப்போது அந்த வேலையில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டுவிட்டன. சிலையை உடனுக்குடன் தூக்கிவிடுவதால் ஆற்றில் வண்ணமும் ஈயமும் கரைவது குறைகிறது என்பது உண்மை. மற்ற நாட்களில் இதே பையன்கள் நூலில் காந்தம் கட்டிப் படித்துறை நீரில் எறிந்து, பக்தர்கள் போட்ட நாணயங்களை எடுப்பார்கள். ஆற்றிலிருந்து எதையாவது அன்றாடம் வெளியே எடுக்கிற இளைஞர்கள் என்று கணக்கெடுத்தால் முதல் வரிசையில் இவர்கள்தான் நிற்க வேண்டும். எந்தச் சான்றிதழ் விழாவிலும் இவர்களைக் கூப்பிட்டதாகத் தெரியவில்லை.

எதை எடுப்பது என்பதைவிட எதை விட்டுவைப்பது என்பது கடினமான படிப்பு. ஹூக்ளிக்கு மேற்கே ஹவுராவில் சாந்த்ராகாச்சி ஜீல் என்றொரு ஏரி, ரயில்வே நிலத்தில், நிலையத்தை ஒட்டி. குளிர்காலத்தில் சீழ்க்கைச் சிறகிகள் ஆயிரக்கணக்கில் இறங்கும். ஆகாயத்தாமரை ஏரியை மூடிவிட்டால் பறவைகளுக்கு நீர் கிடைக்காது. அதனால் பருவம் தொடங்குமுன் தன்னார்வலர்களும் கூலியாட்களும் சேர்ந்து அள்ளுகிறார்கள். நேச்சர் மேட்ஸ் என்ற அமைப்பு இதில் முன்நின்றிருக்கிறது. புதிதாக வருகிற கல்லூரிப் பிள்ளைகளின் கை முழுவதையும் அள்ளத்தான் துடிக்கும். முழுவதும் அள்ளக்கூடாது. அங்கங்கே திட்டுத்திட்டாகச் சேர்த்துக் கட்டி மிதக்கவிட வேண்டும். பறவைகள் உட்கார்வது, தூங்குவது, வெயில் காய்வது எல்லாம் அந்தத் திட்டுகளில்தான். பளிங்குபோல் துடைத்துவைத்த ஏரியில் சிறகிக்கு வேலை இல்லை.

இனி கிழக்குப் பக்கம் போகலாம். நான் சொல்ல வந்தது அங்கேதான் இருக்கிறது.

கொல்கத்தாவின் தரை மேற்கே ஹூக்ளிக் கரையில் உயர்ந்து, கிழக்கே சரிகிறது. ஆகவே நகரத்தின் சாக்கடையில் பெரும்பகுதி ஆற்றுக்குப் போகாமல் எதிர்ப்பக்கம் போகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வில்லியம் கிளார்க் என்ற பொறியாளர் வரைந்த பாதாளச் சாக்கடைத் திட்டமும் இந்தச் சரிவை நம்பித்தான். கிழக்கே பித்யாதரி ஆறு அதை வாங்கிக்கொண்டது. வாங்கி வாங்கியே தூர்ந்து, 1928இல் அது செத்த ஆறு என்று அரசே அறிவித்தது. பிறகு பி. என். தே என்ற வங்கப் பொறியாளரின் திட்டப்படி இன்னும் கிழக்கே குல்டி ஆறுவரை வாய்க்கால்கள் வெட்டினார்கள். இடையில் உப்பு வற்றிப்போன சதுப்பில் சிலர் அந்தக் கழிவுநீரைத் திருப்பி மீன் வளர்த்துப் பார்த்தார்கள். வளர்ந்தது. 1930களிலிருந்து அது ஒரு தொழிலாகிவிட்டது. அந்த மீன்பண்ணைகளுக்குப் 'பேரி' என்று பெயர்.

இது இப்படி நடக்கிறது என்பது நகரத்துக்கு அரை நூற்றாண்டு தெரியாது என்பதுதான் வேடிக்கை. மீன் தெரியும், தினமும் தின்றார்கள். 1980களின் தொடக்கத்தில் துருபஜோதி கோஷ் என்ற அரசுப் பொறியாளர், அப்போது முப்பதுகளில் இருந்தவர், கழிவுநீரை என்ன செய்வது என்று ஆராயப் பணிக்கப்பட்டார். மற்றவர்களாக இருந்தால் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வரைபடம் போட்டிருப்பார்கள். இவர் ஒரு எளிய காரியம் செய்தார். சாக்கடை எங்கே போகிறது என்று அதன் கூடவே போனார். கறுப்பாக நாறிப் போன வாய்க்கால், பேரிகளைக் கடந்து மறுபக்கம் வந்தபோது நாறவில்லை. ஒரு ரூபாய் மின்சாரம் செலவாகவில்லை. மீனும் நெல்லும் காய்கறியும் மிச்சம்.

நடப்பது இதுதான். குளிர்காலத்தில் பேரியின் நீரை வடித்துத் தரையை வெயிலில் காயவைக்கிறார்கள். பாளம் வெடித்த மண்ணைக் கிளறிச் சுண்ணாம்பு இடுகிறார்கள். பிறகு கழிவுநீரைப் பாய்ச்சி இரண்டு மூன்று வாரம் அப்படியே விடுகிறார்கள். இடுப்பளவு ஆழம்தான், அதனால் வெயில் அடிவரை இறங்கும். வெயிலில் பாசி பெருகுகிறது, பாசி ஆக்சிஜனைத் தருகிறது, அதை வைத்துக்கொண்டு நுண்ணுயிர்கள் மலத்தை உடைக்கின்றன. உடைந்த சத்தில் மறுபடி பாசி. அளவுக்கு மீறிப் பாசி போகாமல் ரோகுவும் கட்லாவும் மிர்காலும் திலேப்பியாவும் அதைத் தின்றுவைக்கின்றன. மீன் விட்டபிறகு கழிவுநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறக்க வேண்டும். எவ்வளவு, எப்போது என்பது மீட்டரில் இல்லை. விடியலில் பேரித் தொழிலாளி ஒரு கை நீரை அள்ளி நிறம் பார்ப்பார், மோந்து பார்ப்பார், சிலர் நாக்கில் வைத்தும் பார்ப்பார்கள். பச்சை சரியில்லை என்றால் மதகை மூடிவிடுவார்கள். கரை அலையில் அரிக்காமலிருக்க ஓரமாக ஆகாயத்தாமரையை மூங்கில் கட்டி வளர்ப்பார்கள். நகரத்து வாலண்டியர் பிடுங்கி எறிகிற அதே செடி இங்கே வேலைக்காரர்.

ஒரு நாளைக்கு 70 கோடி லிட்டருக்கு மேல் கழிவுநீரை, சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள இந்தப் பூமி வாங்கிக்கொள்கிறது. 250க்கும் மேற்பட்ட பேரிகள், ஆண்டுக்குப் பத்தாயிரம் டன்னுக்கு மேல் மீன். கிழக்குக் கொல்கத்தாச் சதுப்புநிலம் என்று பெயர் சூட்டி எல்லை வரைந்து காட்டியவர் கோஷ். 1990இல் அவருக்கு ஐ.நா.வின் 'குளோபல் 500' விருது கிடைத்தது. அங்கே உலக வணிக மையம் கட்ட நிலம் எடுக்கப் பார்த்தபோது 'பப்ளிக்' என்ற குடிமக்கள் அமைப்பு வழக்குப் போட்டது. 1992இல் நீதிபதி உமேஷ் சந்திர பானர்ஜி, சதுப்புநிலத்தை வேறு பயனுக்கு மாற்றக்கூடாது என்று தீர்ப்பளித்தார். 2002இல் உலகச் சதுப்புநிலங்களுக்கான ராம்சர் பட்டியல், 2006இல் தனிச்சட்டம். காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. கோஷ் 2018 பிப்ரவரியில் இறந்தார். கடைசிவரை அவர் சொல்லிக்கொண்டிருந்தது, இந்த அறிவு தன்னுடையதல்ல, பேரிக்காரர்களுடையது என்பதைத்தான். எழுதப்படிக்கத் தெரியாதவர்களிடம் போய்ப் பாடம் கேட்ட பொறியாளர்கள் நம் நாட்டில் அதிகம் இல்லை.

தூய்மைப் பணிக்கு வருகிற பிள்ளைகளிடம் எனக்குச் சொல்ல இருப்பது இந்த ஒரு காரியத்தைத்தான். வாருவதற்கு முன்னால் தொடர்ந்து போய்ப் பாருங்கள். நாலாவில் இறங்குகிற ஒவ்வொரு குழாயும் எந்தத் தெருவிலிருந்து, எந்த அடுக்ககத்திலிருந்து வருகிறது என்று எழுதிவைத்த ஒரு நோட்டுப்புத்தகம், நூறு கறுப்புப் பைகளைவிடப் பலருக்கு எரிச்சல் தரும். தூக்கிப்போட்ட குப்பை யாருக்கும் சங்கடம் தராது, அது எங்கிருந்து வந்தது என்ற தகவல் தரும். நகரத்தில் வேலை என்பது சங்கடப்பட்டால்தான் நடக்கிறது.

தொடர்ந்து போனால் கிழக்குக் கோடியில் இன்னொரு கூட்டம் இளைஞர்களையும் சந்திக்க வேண்டிவரும். பேரிக்காரர்களின் பிள்ளைகள். நகரத்தின் பெரிய தூய்மைப் பணியைத் தலைமுறையாகச் செய்துவரும் வீடுகளில் பிறந்தவர்கள். அவர்கள் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். தகவல் தொழில்நுட்பப் பேட்டையான செக்டர் ஃபைவ் கட்டடங்களில் காவலாளி, உணவு கொண்டுபோகும் பைக், தெற்கே கேரளத்துக்கும் நம் ஊருக்கும் கட்டட வேலை. திருப்பூரிலோ சென்னையிலோ சாரம் கட்டுகிற ஒரு வங்காளிப் பையனுக்குத் தண்ணீரின் பச்சையைப் பார்த்து மதகைத் திறக்கத் தெரிந்திருக்கலாம். நாம் அவனிடம் கேட்டதில்லை. பேரி தூர்ந்து ஆழம் குறைகிறது, கழிவுநீர் முன்போல் ஒழுங்காக வருவதில்லை, வருகிறதிலும் பிளாஸ்டிக்கும் தோல் பதனிடும் இரசாயனமும் சேர்ந்துகொள்கின்றன, நிலத்துக்குத் தரகர்கள் விலை பேசுகிறார்கள். இருந்து என்ன செய்ய என்று அவன் கேட்டால் பதில் சொல்வது எளிதல்ல. நோபினா குப்தா என்ற ஓவியர் தொடங்கிய 'டிஸ்அப்பியரிங் டயலாக்ஸ்' குழு இந்தக் கிராமத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து, தங்கள் ஊரைத் தாங்களே பதிவுசெய்யப் பழக்கிவருகிறது. நல்ல வேலை. ஆனால் பதிவு சோறு போடாது.

கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. இத்தனை கோடி லிட்டரை இயந்திரம் வைத்துச் சுத்திகரித்தால் நிலம், மின்சாரம், ஆட்கூலி, பராமரிப்பு என்று ஆண்டுக்கு எவ்வளவு ஆகும்? அப்படி நிலையம் கட்டினால் ஒப்பந்தக்காரருக்கு மாதாமாதம் காசோலை போகும். அதே வேலையைச் செய்யும் பேரிக்கு மீன் விற்ற காசு மட்டும்தான், சுத்திகரிப்புக்கென்று தனியாக ஒரு வரி கணக்கில் இல்லை. நகரம் சூழலிடமிருந்து மானியம் வாங்கிப் பிழைக்கிறது என்று கோஷ் சொல்வார். பொருளியல் படிக்கும் மாணவர்கள் கொல்கத்தாவில் நிறைய இருக்கிறார்கள், அதற்குப் பேர்போன ஊர் அது. ஒரு பருவத் தேர்வுக்கான ஆய்வாக இந்த ரசீதைப் போட்டு, பேரிக் கூட்டுறவுச் சங்கங்களின் கையெழுத்தோடு மாநகராட்சிக்கு அனுப்பலாம். பணம் வருமா என்பது வேறு விஷயம். பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்திக் கொடுக்க வேண்டியிருக்கும்.